ஒன்றரை மணி நேரம் மூத்த வீடு

என் வீட்டை நான் இதுவரை
முனிரத்தினம் மேஸ்திரியின் கட்டைவிரலோடு சேர்த்துத்தான்
பார்த்திருக்கிறேன்.
எந்தப் படத்திலும் இடது ஓரத்தில் அது வந்துவிடும்,
நகத்தில் சிமென்ட் காய்ந்து
கால்வாசி வானத்தை மறைத்துக்கொண்டு.

காவேரிப்பட்டணத்துக்குத் தெற்கே
மாங்கூழ் ஆலை தாண்டி இரண்டேமுக்கால் சென்ட்.
அங்கே வெயில் சுவர் ஏறி
ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான்
மஸ்கட்டில் எனக்கு விடிகிறது.

ரத்தம் எடுப்பது என் வேலை.
ஊசி இறங்கும்போது கை நீட்டியவர்களிடம்
அந்தப் பக்கம் பாருங்க என்பேன்.
போர் போட்ட அன்று எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.
நானூறு அடியில் புழுதி.
அறுநூறில் புழுதி.
எழுநூற்று இருபதில் படம் உறைந்துபோனது.
ஈரம் கண்டதா சிக்னல் போனதா தெரியாமல்
அன்று மாலை வரை
யார் யார் முழங்கையிலோ நரம்பு தேடினேன்.
முக்கால் இன்ச் தண்ணீர் என்று இரவில் சேதி வந்தது.

எதைக் கேட்டாலும்
"முடிஞ்ச மாதிரிதாங்க்கா" என்பார் மேஸ்திரி.
கூரை முடிஞ்ச மாதிரி. பூச்சு முடிஞ்ச மாதிரி.
அந்த 'மாதிரி'யில்தான்
எட்டு மாதமாகக் குடியிருக்கிறேன்,
மாதாமாதம் பணம் கட்டி.

சமையலறைக்கு நாலடி ஜன்னல் வரைந்து அனுப்பினேன்.
தம்பி திம்மராஜ் அதை வாஸ்துக்காரரிடம் காட்டினான்,
அவர் இரண்டடி போதும் என்றார்.
கடையில் கிடந்த ஃபிரேமுக்குத் தக்கபடி
மேஸ்திரி இன்னும் மூன்று இன்ச் குறைத்தார்.
நாலு நிமிஷம் ஐம்பது நொடி
ஒரே மூச்சில் பேசி அனுப்பினேன்,
கடைசியில் கொஞ்சம் அழுதும்விட்டேன்.
தம்பியிடமிருந்து பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.
மஞ்சள் நிறம். சிமென்ட் படியாதது.

புரட்டாசியில் ஒரு நாள்
சுவிட்ச் பெட்டி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று
படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன்.
பின்னால், படுக்கையறையில்,
ஃபேன் மாட்ட விட்ட கொக்கியில்
வெளுத்த சேலைத் தொட்டில்.
அதன் கீழே கருகிய மூன்று செங்கல்.

"தண்ணி காட்டற பொம்பளைங்க்கா, மாதம்மான்னு.
சிமென்ட் மூட்டைக்கும் காவலாச்சுன்னு விட்டுவெச்சேன்.
நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன்.
நான் இன்னும் பால் காய்ச்சாத வீட்டில்
யாரோ தினமும் பால் காய்ச்சுகிறார்கள்.
போனை அந்தம்மாவிடம் கொடுங்கள் என்றேன்.
என்ன கேட்பதென்று தெரியவில்லை.
வீடு எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டேன்.

"இந்த ரூமுல மத்தியானம் படுக்க முடியாதுங்க, தகிக்குது.
நடு ஹால்ல காத்து நல்லா வரும்.
தெக்கால செவுரு மழைக்கு ஊறுது, மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவ சொன்னேன்.
சமையக்கட்டுல பொகை போவல,
அதான் பொயங்கற ரூமுலயே அடுப்பு வெச்சுட்டேன்,
திட்டாதீங்க.
அந்த ஜன்னலு யாரு வெச்சது?"

பேசிக்கொண்டே படியேறினாள்.
குழந்தை இடுப்பில் இருந்திருக்க வேண்டும், படம் ஆடியது.
மொட்டை மாடி, நீர் தேங்கிய மூலை,
ஒரு கொடியில் சின்னச் சின்னத் துணிகள்,
அதற்கு மேல்
விரல் எதுவும் இல்லாத வானம்.

இருக்கட்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.
அவர் அதைச் சுவருக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ,
"சரிங்க்கா, அப்ப அந்த ஊறல இப்போதைக்கு விட்டுடறேன்" என்றார்.
திரும்பவும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

தை பிறந்தால் மாதம்மாவுக்குப் பர்கூரில் அடுத்த கட்டடம்.
எனக்கு லீவு பதினொரு நாள்,
அதுவும் இன்னும் கையெழுத்தாகவில்லை.

ஜன்னலை உடைத்து நாலடியாக்க எவ்வளவு ஆகும் என்று
கேட்டு அனுப்பியிருக்கிறேன்.
நீலத்தில் இரண்டு டிக். பதில் இல்லை.
இங்கே ஒன்பதுதான் ஆகிறது.
அங்கே பத்தரை,
தொட்டில் நின்றிருக்கும்.